முறை இல்லாத தண்ணீர்

மனஸ்தாபம் கொண்டவர்களைச் சேர்ந்தாற்போல் ஒரு பிரயாணம் அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. குற்றாலத்துக்கு அனுப்பினால் பாதகமில்லை. ஒருவர் ஐந்தருவிக்குப் போனால் மற்றவர் பழைய அருவிக்குப் போய்க்கொள்ளலாம். தீவுக்கு அனுப்பினால் எங்கே போவது?

2019 மார்ச்சில் எங்கள் கீழப்பாவூரிலிருந்து பதினான்கு பேர் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் புறப்பட்டோம். அதில் இருவர் அண்ணன் தம்பி. பங்குக் கிணற்றில் யார் எந்த நாளில் மோட்டார் போடுவது என்ற வழக்கில் ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. தாயாரின் நேர்த்திக்கடன் இருவரையும் ராமேசுவரத்தில் ஒரே படகில் ஏற்றிவிட்டது. மற்றப் பன்னிரண்டு பேரும் கடலுக்குப் பயப்படவில்லை. வாய் திறக்கத்தான் பயந்தோம். "வெயில் அதிகம்" என்று ஒருவர் சொன்னதுகூட இரண்டில் ஒரு கட்சிக்குச் சாதகமாகப் பட்டது!

கச்சத்தீவு சுமார் 285 ஏக்கர். குடியிருப்பு இல்லை, குடிக்கத்தக்க ஊற்றும் இல்லை. திருவிழாவுக்கு இக்கரைத் தமிழரும் அக்கரைத் தமிழரும் கூடுவார்கள். மாலையில் சிலுவைப் பாதை, இரவில் தேர்ப்பவனி, மறுநாள் காலைப் பூசை. அப்புறம் மணலும் புதரும்தான்.

அன்றிரவு தம்பியின் தண்ணீர்க் கேன் ஒழுகிக் காலியாகிவிட்டது. தண்ணீர் கொடுக்கும் இடத்திலோ கூட்டம் நெரிந்தது. மூத்தவர் தம் செம்பை என் முன்னே நகர்த்தினார்.

"அவன்கிட்ட குடுங்க, அண்ணாச்சி. இதுக்கு முறை கிடையாதுன்னு சொல்லுங்க."

இளையவர் பாதி குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பினார். "பாதிதான் என் பங்குன்னு சொல்லுங்க."

இரண்டு பேரும் இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். கட்டித் தழுவல், கண்ணீர் எதுவும் நடக்கவில்லை. திரும்பும் படகிலும் மௌனம்தான். ஆனால் அடுத்த ஆடியில் கிணற்றுக்குப் பாகப் பத்திரம் எழுதியபோது ஒரு வரி சேர்ந்தது: யாருடைய முறையானாலும் மற்றவர் குடிக்க ஒரு குடம் எடுத்துக்கொள்ளலாம்.

1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட உடன்படிக்கையிலும் அப்படி ஒரு வரி உண்டு. தீவு இலங்கைப் பக்கம் போயிற்று. ஆனால் இந்திய யாத்திரிகர்கள் கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் வந்துபோகலாம் என்று எழுதினார்கள். அந்த வரியின் தயவில்தான் நாங்கள் பதினான்கு பேரும் போனோம். யுத்த காலத்தில் திருவிழா நின்றுபோயிற்று. 2024-இல், சக மீனவர்களுக்கு இலங்கையில் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து ராமேசுவரம் மீனவர்கள் திருவிழாவையே புறக்கணித்தார்கள். எழுதிய வரி அழியவில்லை. படகுகள்தாம் கரையில் நின்றன.

பாகம் பிரிப்பதில் தவறில்லை. பிரிக்கும்போது தாகத்துக்கென்று ஒரு வரி எழுதி வைப்பது பெரிய காரியம். அதைவிடப் பெரிய காரியம், வருஷா வருஷம் செம்பை நகர்த்த ஒரு கை இருப்பது.