தோலால் கெடும் தவளை

தவளை தன் வாயால் கெடும் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். அவர்களுக்குக் கைட்ரிட் காளானைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. இந்தக் காலத்தில் தவளை தன் தோலால் கெடுகிறது.

தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோலால்தான் குடிக்கிறது. மூச்சுக்கும் தோலைப் பெரிதும் நம்பியிருக்கிறது. அந்தத் தோலில் இந்த நுண்காளான் குடியேறினால் உடம்பில் உப்புச் சத்து நிலைகுலைந்து, கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. விஞ்ஞானிகள் இதற்குப் பெயர் வைத்தது 1999-ல். 2019-ல் கணக்கெடுத்தபோது உலகில் 501 இனங்கள் நலிந்திருந்தன. அவற்றில் 90 இனங்கள் பூண்டோடு போயிருக்கும் என்றார்கள்.

இந்தக் காளானுக்கு ஒரு தங்கையும் உண்டு. 2013-ல் ஹாலந்தில் அகப்பட்டாள். அவள் கண் வைப்பது சாலமாண்டர் மேல். பார்த்தால் பல்லி மாதிரி இருக்கும், உறவு என்னவோ தவளையோடு. நம் டார்ஜிலிங் மலைகளிலும் ஒருவகை உண்டு. ஹாலந்தில் நூற்றுக்கு நாலுகூட மிஞ்சுமா என்ற நிலை வந்துவிட்டது. அங்கே நோயுற்ற சாலமாண்டருக்கு வைத்தியம் என்ன தெரியுமோ? பத்து நாள் 25 டிகிரி உஷ்ணத்தில் வைப்பது. 25 டிகிரி! நமக்கு அது மார்கழிக் குளிர்.

மயிலாப்பூரில் என் அடுத்த வீட்டுக்காரர் பாங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர். இதைச் சொன்னதும், "அப்படியானால் சென்னைத் தவளைக்குக் கவலையே இல்லை, ஸார். சித்திரை வெயில் பார்த்துக்கொள்ளும்" என்றார்.

பாதி உண்மைதான். குளிர்ந்த இடத்தில்தான் இந்தக் காளான் செழிக்கும். சென்னைத் தவளைக்கு எமன் சிமெண்டு. மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகர் எழும்பியது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்னமும் இருக்கிறது. லேக் எங்கே என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் குளிர் உண்டு, காளானும் உண்டு. தவளைகள் கொத்துக்கொத்தாய்ச் சாகவில்லை. அது பிறந்தது கிழக்காசியாவில் என்கிறார்கள். நம் பக்கத்துத் தவளைகளுக்குப் பழகிய பகையாளியாக இருக்கலாம். வெளியூரிலிருந்து புதுச் சரக்கு வந்தால் என்ன ஆகும் என்பதுதான் பயம். அதைக் கண்டம் விட்டுக் கண்டம் சுமந்து சென்றது வியாபாரம். நாமும் தவளைக் கால் விற்றவர்கள்தாம். ஏற்றுமதிக்குத் தடை வந்தது 1987-ல்.

இப்போது சரக்கு எதிர்த்திசையில் வருகிறது. பாங்காக்கிலிருந்து மீனம்பாக்கத்தில் இறங்கும் பெட்டிகளில் துணிகளுக்கு நடுவே பாம்பு, ஆமை, ஓணான் என்று பிடிபட்ட செய்தி பேப்பரில் அடிக்கடி வருகிறது. அந்த வரிசையில் ஈரத் தோலுள்ள ஜீவன் ஒன்று தப்பி வந்துவிட்டால்? சாயங்காலம் ரயில் ஏறினால் விடிவதற்குள் நீலகிரி அடிவாரம்.

அடுத்த வீட்டுக்காரர் சற்று யோசித்தார். "பெட்டியைச் சோதிக்கிறவர்கள் தவளையைப் பிடிப்பார்கள், ஸார். காளானை எப்படிப் பார்ப்பார்கள்?"

பார்க்க முடியாது. பஞ்சால் தோலை ஒற்றியெடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்பினால்தான் தெரியும்.

"அதுவரைக்கும் அந்தத் தவளை எங்கே இருக்கும்?" என்றார்.