எம் இல்லத்து அம்பாசிடரும் ஒரு சிறு தகடும்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, சீறாப்புராணத்து வருணனைகள் பற்றியோ, எம் எம்.ஃபில். ஆய்வேட்டின் ஓர் இயலைச் சுருக்கியோ தருவோம் என்றே எண்ணியிருப்பர். பல ஆண்டுகளாக அவ்வாறே செய்தும் வந்துள்ளோம். இவ்வாண்டு வேறொன்றைச் சொல்ல விழைகின்றோம். எம் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய மகிழுந்தின் எஞ்சினைக் கழற்றி, வேறோர் எஞ்சினைப் பொருத்திய கதை அது. தமிழாசிரியனுக்கு இது என்ன வேலை என்று எம்மை அறிந்த பெரியவர்கள் கேட்கக்கூடும், கேட்டும் இருக்கின்றனர்.

கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது எம் குடும்பம். எம் அத்தா ஏலக்காய் வணிகர். வாரத்தில் மூன்று நாளாவது குமுளி மலை ஏறி இறங்குவார். 1983ஆம் ஆண்டில், 1972ஆம் ஆண்டு பதிவான ஓர் அம்பாசிடர் 'மார்க் 2' வண்டியை அவர் வாங்கினார். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியை அடியொற்றி, வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் 1950களின் இறுதி முதல் 2014 மே மாதம் வரை செய்யப்பட்டு வந்த வண்டி அது. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், ஏறத்தாழ 50 குதிரைத்திறன், நான்கு கியர்கள். கியர் கம்பி தரையில் இராது. ஸ்டீயரிங் தண்டின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். முன்புறம் ஒரே நீள் இருக்கை. அத்தாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே அமரும் உரிமை வீட்டில் இளையவரான எமக்கு. கியர் கம்பி கீழே இல்லாததால் அன்றோ அந்த நடு இடம் எமக்கு வாய்த்தது!

1990களில் எங்கள் பக்கத்து வாடகைக் கார்கள் பல டீசலுக்கு மாறின. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வேறுபாடு அவ்வளவு. மேட்டடோர் வேனின் டீசல் எஞ்சினை அம்பாசிடருக்குள் இறக்கித் தருவதில் கைதேர்ந்த பட்டறைகள் தோன்றின. அத்தாவிடமும் பலர் சொல்லிப் பார்த்தனர். அவர் இசையவில்லை. "புத்தகத்துல என்ன நம்பர் இருக்கோ, அதுதான் வண்டியிலயும் இருக்கணும்" என்பார். பதிவுப் புத்தகத்தைத்தான் அவர் புத்தகம் என்பது. அத்தாவின் நாணயத்தைப் பேச வரும்போது ஜமாஅத்துப் பெரியவர்கள் இந்தச் சொல்லையும் சேர்த்துச் சொல்வதை யாமே கேட்டிருக்கின்றோம்.

2009இல் அந்த எஞ்சின் நின்றுபோயிற்று. 2013இல் அத்தாவும் இறையடி சேர்ந்தார். வண்டி கொட்டகையில், காலிச் சாக்குகளுக்கு நடுவே நின்றது. திருப்பூரில் தொழில் செய்யும் எம் அண்ணன் அதை விற்கவும் ஒப்பவில்லை, தொடவும் ஒப்பவில்லை. "அத்தா வண்டி, அப்படியே இருக்கட்டும்" என்றார். அப்படியே இருந்ததில் எலி கூடு கட்டியது. தரைத் தகட்டில் துரு ஓட்டையிட்டது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பழைய எஞ்சினையே ஏன் சீர்செய்யவில்லை என்று வண்டி அறிந்தோர் கேட்பர். சிலிண்டரைக் கடைந்து கடைந்து இறுதி அளவையும் எட்டியாயிற்று. வால்வு இருக்கைகள் தேய்ந்திருந்தன. ஈயம் கலந்த பெட்ரோலுக்கென அமைந்த எஞ்சின் அது. அந்தப் பெட்ரோல் நாடு முழுவதும் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நிறுத்தப்பட்ட பின், அவ்வகை எஞ்சின்களில் வால்வு இருக்கைக்குக் கேடு விரைந்து வரும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிளாக்கில் விரிசல்.

வேறு எஞ்சின் என்றால் எது? கண்டதைப் பொருத்த இயலாது. உற்பத்தியாளர் குறித்த தன்மைக்கு மாறாக வாகனத்தை மாற்றலாகாது என உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் உத்தரபாரா ஆலையே 1990களின் தொடக்கத்தில் இதே அம்பாசிடருக்குள் 1817 சி.சி. இசுசு பெட்ரோல் எஞ்சினை வைத்து விற்றது. ஐந்து கியர், 70க்கு மேற்பட்ட குதிரைத்திறன். அத்தகையதொரு வண்டி பிரிக்கப்பட்டபோது எஞ்சினையும் கியர்பெட்டியையும் உரிய ரசீதோடு வாங்கினோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி பதிவு அலுவலகத்தில் முன் அனுமதியும் பெற்றோம். இவை முடிந்தது 2020 பிப்ரவரியில். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கல்லூரி மூடியது. காலையில் கைப்பேசி வழியே வகுப்பு, மாலையில் கொட்டகை.

எமக்குத் துணை நின்றவர் அத்தாவின் காலத்திலிருந்தே அவ்வண்டியைப் பார்த்துவந்த பட்டறை அண்ணாச்சி. எழுபதைக் கடந்தவர். தெருக்கோடியில் வீடு. முகக்கவசத்தைத் தாடையில் இறக்கிவிட்டுக்கொண்டு மூன்று மணிக்கு வந்துவிடுவார். 'கிளட்ச்' என்பதற்கு 'உரசிணைப்பி' என்றொரு கலைச்சொல் உண்டு என்று ஒருநாள் அவரிடம் சொன்னோம். சற்று நினைத்துப் பார்த்து, "உரசித்தானே தம்பி இணையுது, சரியாத்தான் வச்சிருக்காங்க" என்றார். மறுநாள் வழக்கம்போல 'கிளட்ச்சு' என்றே கேட்டு வாங்கினார்.

மூன்று இரும்புக் குழாய்களை முக்காலியாகக் கட்டி, செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, பழைய எஞ்சினைத் தூக்கினோம். தூக்கியதைப் பலகைமேல் இறக்கி, மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தபோதுதான் பிளாக்கின் பக்கத்தில் எஞ்சின் எண் பொறித்த சிறு தகடு வெளிப்பட்டது. எண் புத்தகத்தில் உள்ளதே. ஆனால் தகட்டை ரிவிட்டு அடித்துப் பொருத்தியிருக்கவில்லை. இரண்டு திருகாணிகள் இருந்தன. ஒன்றின் தலை மற்றொன்றைப் போல இல்லை.

ஏடுகளோடு பழகியவர்க்கு இத்தகைய இடத்தில் கண் தானாக நிற்கும். கையெழுத்து மாறும் இடம் அது. அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அதை நான்தான் மாத்தினேன், தம்பி" என்றார் பிறகு.

1991இல், ஏலக்காய் மும்முரத்தில், லோயர் கேம்பைத் தாண்டிய மலைப்பாதையில் நீர் கொதித்துப் பிளாக் பிளந்துபோயிற்று. வண்டி இல்லையேல் அந்தப் பருவமே இல்லை. அண்ணாச்சி எங்கோ உடைத்த வண்டியிலிருந்து ஒரு பிளாக்கைக் கொண்டுவந்து இரண்டு இரவில் பொருத்தினார். எண்ணை மாற்றிப் பதிய வேண்டுமே! ஆனால் அந்தப் பிளாக்குக்கு ரசீது இல்லை. தேனி மாவட்டம் பிறக்காத காலம். எதற்கும் மதுரைக்கு ஓட வேண்டும். பருவம் முடியட்டும் என்று பழைய தகட்டைக் கழற்றிப் புதிய பிளாக்கில் திருகினர். பருவம் முடிந்தது. அடுத்த பருவமும் வந்தது.

"பாய்க்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. டீசல் போடச் சொன்னப்ப எல்லாம் என்னைத்தான் பார்ப்பாரு" என்றார் அண்ணாச்சி.

அன்றிரவு யாம் உறங்கவில்லை. அத்தா பொய் சொன்னாரா? புத்தகத்தில் உள்ளதே வண்டியில் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னது, செய்துவிட்ட தவற்றை மறைக்கும் சொல்லா, அதை எண்ணி நோகும் சொல்லா? உமறுப் புலவர் முடிக்காமல் விட்ட சீறாவைப் பின்னர்த் தொடர்ந்தவர் பனீ அகமது மரைக்காயர். தொடர்ந்த பகுதிக்குச் 'சின்னச் சீறா' என்று பெயர். எது முன்னவர் வாக்கு, எது பின்னவர் வாக்கு என்பதில் எவர்க்கும் மயக்கம் இல்லை. இதை வகுப்பில் எத்தனை முறை பெருமையோடு சொல்லியிருக்கின்றோம்! இடைச்செருகல் செய்தோரை எவ்வளவு கடிந்திருக்கின்றோம்! எம் வீட்டுக் கொட்டகையிலேயே ஓர் இடைச்செருகல், எம் அத்தாவின் கையால்.

அண்ணனிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. தகட்டைக் கழற்றி எம் மேசை இழுப்பறையில் வைத்தோம்.

வேலை ஓடியது. எஞ்சினைத் தாங்கும் முன் அடைப்புகளைப் பிந்திய வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்தினோம். புதிய கியர்பெட்டியின் கம்பி தரை வழியே எழ வேண்டும். ஆதலால் தரைத் தகட்டின் நடுமேட்டை வெட்டினோம். வெட்டும்போது அறுவை மட்டும் யாமே செய்வோம் என்று அண்ணாச்சியிடம் வாங்கிக்கொண்டோம். ஸ்டீயரிங் தண்டில் இருந்த பழைய கம்பியை அழகுக்காக விட்டுவைக்கலாம் என்றார் அவர். ஒன்றோடும் இணையாத கம்பி அங்கே நிற்பது எமக்கு ஒப்பவில்லை, கழற்றிவிட்டோம். வேகம் கூடுமாதலால் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்தோம். புரோப்பல்லர் ஷாஃப்ட்டைக் குறுக்க லேத்துப் பட்டறை ஒன்றில் கொடுத்தோம். குறுக்கித் தந்தனர், சுழற்சிச் சமன் பார்த்துத் தரவில்லை. சமன் பார்க்க வேண்டும் என்பது எமக்கும் தெரியவில்லை. 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் வண்டி முழுதும் காய்ச்சல்காரனைப் போல நடுங்கும். அதை வேறிடத்தில் கொடுத்துச் சரிசெய்ய இரண்டு மாதம் ஆயிற்று.

முதன்முதல் எஞ்சின் உயிர்த்த மாலையில் அம்மா பின்வாசலில் வந்து நின்றார். "சத்தமே இல்லையே" என்றார். அது பாராட்டா, குறையா என்று இன்றுவரை தெரியவில்லை.

2021இல் வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோனோம். பழைய எஞ்சின் எண் எது, புதியது எது என்று படிவம் கேட்டது. பழைய எண்ணுக்கு நேரே புத்தகத்தில் உள்ளதையே எழுதிக் கையெழுத்திட்டோம். அதிகாரி பழையதை நீக்கிப் புதியதைப் பதிந்தார். 1991இல் தொடங்கியது அத்தோடு எவரும் காணாமல் மறைந்தது. அத்தாவைக் காத்துவிட்டோம் என்று எண்ணினோம். எழுதிய பேனா எமது என்பதை அப்போது எண்ணவில்லை.

அதே 2021 ஜூலையில் நடுவண் அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென விதி வகுத்தது. முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டி, சட்டகமோ கூடோ எஞ்சினோ மாறாமல் மூலநிலையில் இருந்தால், 'வி.ஏ.' என்னும் எழுத்துகளோடு தனிப் பதிவெண் பெறலாம். எம் வண்டிக்கு 2022இல் 50 ஆண்டு நிறைந்தது. பெருநாளுக்கு வந்த அண்ணன் இதை அறிந்தே வந்திருந்தார்.

"அத்தா முப்பது வருஷம் காப்பாத்துனதை நீ ஒரு வருஷத்துல அறுத்துப்போட்டுட்டியே, தம்பி" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்போம்.

யாம் வாய் திறக்குமுன் அம்மா சொன்னார்: "எதைக் காப்பாத்துனாரு? அந்த எஞ்சின் குமுளி ரோட்டுலயே போச்சு. அன்னைக்கு ராத்திரி உங்க அத்தா சாப்பிடல. தகட்டை மாத்தி வச்சுட்டேன், மதுரைக்குப் போய்ச் சொல்லணும்னாரு. போகவே இல்ல. நெஞ்சுல வச்சுக்கிட்டே மவுத்தாகிட்டாரு."

அண்ணன் எம்மைப் பார்த்தார். யாம் எழுந்து சென்று இழுப்பறையிலிருந்து தகட்டை எடுத்து வந்து அவர் கையில் வைத்தோம். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா? எத்தனை நாளா?" என்றார். சொன்னோம். அத்தா மறைத்ததைவிட யாம் மறைத்ததே அவரை அதிகம் வருத்தியது என்பது முகத்தில் தெரிந்தது. அன்று மாலையே ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். பேருந்து ஏறுமுன், "ஆபீஸ்ல போய்ச் சொல்லிடு" என்றார்.

சென்றோம். தகட்டையும் எழுத்து மூலமான விளக்கத்தையும் கொடுத்தோம். எழுத்தர் இளைஞர்; எம் கல்லூரியிலேயே படித்தவராம். இருமுறை படித்துவிட்டு உள்ளே கொண்டுபோனார். அரைமணி கழித்து வந்து, "அந்த நம்பரே ரத்தாயிடுச்சு ஐயா. இதுக்குன்னு படிவம் எதுவும் இல்ல" என்று சொல்லித் தகட்டைத் திருப்பிக் கொடுத்தார். விளக்கத்தை மட்டும் கோப்பில் சேர்க்கும்படி வேண்டிக்கொண்டோம். சேர்த்தார்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அம்மாவிடம் படித்துக் காட்டினோம். உங்கள் அத்தாவை எழுதுகிறாயே என்று தடுப்பாரோ என்று அஞ்சினோம். "குமுளி ரோடு இல்ல, பென்ஸ்டாக் குழாய் தாண்டி முதல் வளைவு. அங்கதான்னு சரியா எழுது" என்றார்.

சென்ற ஆண்டு அண்ணன் மீண்டும் வந்தார். எதுவும் பேசாமல் சாவியைக் கேட்டார். அம்மா பின்னால், யாம் முன்னால், இப்போது ஓரத்தில். நடுவிடத்தில் கியர் கம்பி நிற்கிறது. லோயர் கேம்ப் கடந்து, நீர்மின் நிலையக் குழாய்கள் கடந்து, முதல் வளைவில் வண்டி திணறத் தொடங்கியபோது, கியரைக் குறைக்க அண்ணனின் இடக்கை ஸ்டீயரிங் தண்டின் பக்கம் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை. கை வெறுங்காற்றைப் பிடித்தது. பின்னாலிருந்து அம்மா சிரித்துவிட்டார். கையைக் கீழே இறக்கிக் கம்பியைத் தேடிக் கண்டு, இரண்டாம் கியருக்குத் தள்ளினார் அண்ணன். வண்டி ஏறியது.