"முடிஞ்சுடும்மா!"

உங்களுக்கு விற்க வேண்டிய வீடு ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் பாக்கியசாலி. ஆனால் ரொம்பவும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அம்மா வீடோ மாமியார் வீடோ என்றைக்காவது ஒரு நாள் உங்கள் தலையில் வந்து விடியும். அன்றைக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு புதுச்சேரியில், நெல்லித்தோப்பில், மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது. மாதா கோயில் மணி கேட்கும். பின்பக்கம் ஒரு கிணறு, ஒரு கொய்யா மரம். தாத்தா 1957-ல் வாங்கிய வீடு. அப்பா ஏ.எஃப்.டி. மில்லில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். 2020 ஏப்ரல் 30-ம் தேதி மில்லையே மூடியபோது, "நல்ல வேளை, நான் முந்திக்கொண்டேன்" என்றார். 2023-ல் அவரும் போய்விட்டார். அண்ணன் பிரான்சில்; நான் சென்னையில், பத்திரிகை ஆபீஸில். முழங்கால் வலியோடு அம்மா மட்டும் அந்த வீட்டில்.

விற்றுவிடலாம் என்று 2024 தை மாதம் முடிவு செய்தோம். என்ன விலை சொல்வது? செல்போனில் முகம் பார்த்தபடி குடும்ப மாநாடு நடந்தது.

"பீச் பக்கம் ஒரு பழைய வீடு பல கோடிக்குப் போச்சாம். நாம ஒண்ணேகால் கோடி கேட்டா என்ன?" என்றான் அண்ணன்.

பீச் பக்கம் வேறு, நெல்லித்தோப்பு வேறு. அங்கே மஞ்சள் சுவரும் வளைவு வாசலும் வைத்த வீடு ஹோட்டலாகிவிடும். எங்கள் சந்தில் யார் வந்து தங்கப் போகிறார்கள்? இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் வீட்டுக் கடனில் பாக்கி எவ்வளவு என்பதும் எனக்குத் தெரியுமே! அம்மாவுக்குச் சென்னையில் ஒரு சிறிய ஃப்ளாட், என் கடன், அண்ணன் பெண்ணின் படிப்பு என்று கூட்டிப் பார்த்தோம். 1 கோடியே 15 லட்சம் வந்தது. அதுதான் விலை என்று தீர்மானமாயிற்று. வீட்டைப் பார்த்து ஒருவரும் விலை போடவில்லை. அவரவர் தேவையைப் பார்த்துப் போட்டோம்.

அப்புறம் தரகர் வந்தார். வெள்ளைச் சட்டை, ஸ்கூட்டர், கையில் இரண்டு செல்போன். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். விலையைச் சொன்னோம். ஆசாமி கண் இமைக்கவில்லை.

"தாராளமா போகும்மா. மூணு மாசம். முடிஞ்சுடும்மா!"

கமிஷன் இரண்டு சதவீதம் என்றார். அம்மா காபி கொடுத்தாள். காகிதத்தில் ஓர் எழுத்து எழுதிக்கொள்ளவில்லை.

முதல் மாதம் ஆறு பேர் வந்தார்கள். அடுத்த மாதம் இருவர். அதற்கப்புறம் பஞ்சாங்கம்தான் பேசிற்று. ஆனி மாதம் போன் செய்தால், "ஆடி வரப் போவுது, யாரும் கை வைக்க மாட்டாங்க." ஆடி முடிந்தால், "புரட்டாசி கழியட்டும்." ஐப்பசியில் மழை. நடுவில் மூன்று லட்சம், மூன்று லட்சமாக இரண்டு தடவை விலையைக் குறைத்தோம். அது இன்னும் கெடுதல். இறங்குகிற விலையைப் பார்த்தவர்கள், இன்னும் இறங்கட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்த மாதிரி காத்திருந்தார்கள்.

2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் வந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் சந்திலும் தண்ணீர் நின்றது. அதற்குப் பதினைந்து நாள் கழித்துத் தரகர் ஒரு தம்பதியை அழைத்து வந்தார். அந்தப் பெண் பள்ளிக்கூட ஆசிரியை.

"தண்ணி வருமாங்க?" என்று கேட்டார் அவர்.

"சொட்டுத் தண்ணி வராதும்மா!" என்றார் தரகர்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "ஏன் வராது? ரெண்டாவது படி வரைக்கும் வந்துச்சு. வீட்டுக்குள்ள வரல. இதோ பாருங்க கோடு" என்று சுவரில் படிந்திருந்த சேற்று வரையைக் காட்டினாள்.

தம்பதி போனதும், "இப்படிப் பேசினா வீடு எப்படிம்மா விக்கும்?" என்று தரகர் அம்மாவிடம் கோபித்துக்கொண்டாராம். அம்மா எனக்குப் போன் செய்து அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு காரியம் செய்தேன். அது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள். ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் நம்பரைக் கொடுத்து, நெல்லித்தோப்பில் வீடு வேண்டும் என்று அந்தத் தரகரிடம் கேட்கச் சொன்னேன். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

தரகர் மளமளவென்று மூன்று வீடுகளைச் சொன்னார். எங்கள் வீடும் அதில் ஒன்று. "அதை முதல்ல காட்டறேன் சார். விலை ரொம்ப ஜாஸ்தி, கொடுக்க மாட்டாங்க. அப்புறம் இன்னொண்ணு காட்டறேன் பாருங்க, அது எவ்வளவு மலிவுன்னு உங்களுக்கே தெரியும்!"

பகீரென்றது எனக்கு. பதினோரு மாதமாக எங்கள் வீடு விற்பனைக்கே நிற்கவில்லை. அடுத்த தெரு வீட்டை விற்பதற்கு அளவுகோலாக நின்றிருக்கிறது!

மறுவாரமே லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். தரகரை வரவழைத்து, கேட்டதையெல்லாம் அவரிடமே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. காபியைக் கீழே வைத்தார்.

"இந்த விலைக்கு இது போகாதுன்னு எனக்கு முதல் நாளே தெரியும்மா. அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? 'தாராளமா போகும்'னு சொல்ற இன்னொருத்தர்கிட்ட கொடுத்திருப்பீங்க."

பதில் சொல்ல வாய் வரவில்லை. வாஸ்தவம்தானே!

அவருடைய கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். இரண்டு சதவீதம் என்றால், எங்களுக்குப் பத்து லட்சம் கூடினால் அவருக்குக் கூடுவது 20,000 ரூபாய்தான். அதற்காக அவர் ஆறு மாதம் அலைவாரா? அமெரிக்காவில் ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் சிகாகோ வட்டாரத்தில் சுமார் ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்தார்கள். 2008-ல் வெளியான அந்த ஆராய்ச்சியில், தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது மற்றவர் வீட்டைவிடச் சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 சதவீதம் அதிக விலை வாங்கியதாகத் தெரிந்தது. சிகாகோவானால் என்ன, நெல்லித்தோப்பானால் என்ன?

தரகர் மேல் புகார் செய்யக் கூடாதா என்பீர்கள். 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் தரகர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் அது அந்தச் சட்டப்படி பதிவான புதிய குடியிருப்புத் திட்டங்களை விற்கிறவர்களுக்குத்தான். தாத்தா காலத்து வீட்டுக்கு அது வராது. எத்தனை நாள், எத்தனை பேர், என்ன கமிஷன் என்று முதல் நாளே நாம் எழுதி வாங்கும் காகிதம்தான் நம் கையில் இருக்கும் ஒரே பிடி. அதைத்தான் நாங்கள் காபியோடு கோட்டை விட்டோமே!

தரகரை அனுப்பிவிட்டு, மதிப்பீட்டாளர் ஒருவரை அழைத்தேன். அவர் டேப்பை எடுத்ததும் முதல் குட்டு வெளிப்பட்டது. பத்திரம் பிரெஞ்சில் இருந்தது. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறினாலும், சட்டப்படி புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அந்த இடைக்காலத்தில் தாத்தா வாங்கியதால், பிரெஞ்சு முறைப்படி நொத்தேர் முன்னிலையில் எழுதிய பத்திரம். அதில் அளவு '1 ஏர் 40 சென்டியேர்'. ஒரு சென்டியேர் என்பது ஒரு சதுர மீட்டர். ஆக 140 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,507 சதுர அடி. தரகர் வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பியது 1,600 என்று! அளந்து பார்த்தவர்கள் ஏன் திரும்பி வரவில்லை என்று இப்போது புரிந்தது. வங்கிக் கடன் வாங்கி வருகிறவர்களோ, பிரெஞ்சுப் பத்திரத்தைப் பார்த்ததுமே பின்வாங்கியிருந்தார்கள். மொழிபெயர்ப்பு வாங்கி வைக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"சந்து பன்னிரண்டு அடி. கார் நுழையும், திரும்பாது. அதுக்கு ஒரு கழிவு உண்டு" என்றார் மதிப்பீட்டாளர். "கட்டடத்துக்குப் பெரிசா ஒண்ணும் போட முடியாதும்மா. வாங்கறவங்க இடிச்சுட்டுத்தான் கட்டுவாங்க. மனை விலைதான்."

அம்மா அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நான் போனேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நாற்பத்தஞ்சு வருஷம் பெருக்கி மெழுகின வீடுடீ. அதுக்கு ஒண்ணும் இல்லையா?"

என்ன சொல்வது? தரகர் பொய் சொன்னபோது வராத வலி, மதிப்பீட்டாளர் உண்மை சொன்னபோது வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அம்மாவே, "என்ன விலை போடலாம்னு அவரு சொன்னாரு?" என்று கேட்டாள். 85-லிருந்து 90 என்றேன். "சரி, தொண்ணூறுன்னு போடு. ஒரே தடவையா போடு. மார்க்கெட்டுல தக்காளி மாதிரி மணிக்கு ஒரு விலை வேண்டாம்" என்றாள். அண்ணன் பத்து நாள் போனில் பேசவில்லை. அவன் அப்பாவோடு சண்டை போட்டாலும் அதே பத்து நாள்தான்.

பிரெஞ்சுப் பத்திரத்துக்கு மொழிபெயர்ப்பு, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் வாங்கி ஒரு கோப்பில் போட்டேன். ஒரு தாளில் அளவு, சந்தின் அகலம், புயலில் தண்ணீர் இரண்டாவது படி வரை வந்தது, எல்லாவற்றையும் எழுதி மேலே வைத்தேன். வாசலில் ஒரு பலகை மாட்டினோம். "பாதியை ரொக்கமா வெச்சுக்கலாமா?" என்று கேட்ட இரண்டு பேரை அம்மாவே அனுப்பிவிட்டாள். வீட்டு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று நான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

2025 மார்ச்சில், மார்க்கெட்டுக்கு வந்த அந்த ஆசிரியை பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். நாலு மாதத்தில் ஒன்பது வீடு பார்த்துவிட்டார்களாம். "எல்லா இடத்துலயும் சொட்டுத் தண்ணி வராதுன்னுதான் சொன்னாங்க. எல்லா சுவத்துலயும் கோடு இருந்துச்சு" என்றார். பேசிப் பேசி 86 லட்சத்தில் நின்றது. அண்ணனுடைய அதிகாரப் பத்திரம் பிரான்சிலிருந்து வந்து, அதற்கு இங்கே முத்திரைக் கட்டணம் கட்டி (வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் கட்டிவிட வேண்டும், மறந்துவிடாதீர்கள்), மே மாதத்தில் கிரயம் ஆயிற்று.

பத்திர ஆபீஸ் வாசலில் தரகர் நின்றிருந்தார். யார் சொன்னார்களோ!

"பார்ட்டி நம்ம பார்ட்டிதானேம்மா?"

அண்ணன் போனிலேயே கத்தினான். ஒரு காசு கொடுக்கக் கூடாது என்றான். எனக்கும் அதே அபிப்பிராயம்தான். அந்தத் தம்பதியை அவர் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தது, வேறு வீட்டை விற்கத்தானே!

அம்மா கேட்கவில்லை. "எதுக்குக் கூட்டிட்டு வந்தாரோ, கூட்டிட்டு வந்தாரு இல்ல?" என்றாள். கடைசியில் இரண்டு சதவீதத்துக்குப் பதில் ஒன்று, 86,000 ரூபாய், கொடுத்தோம். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

சென்னை ஃப்ளாட் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அம்மா வர மறுத்துவிட்டாள். மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில், படி ஏறாத வாடகை வீடு ஒன்று வேண்டும் என்றாள். நான் நாலு நாள் அலைந்தேன், கிடைக்கவில்லை. அம்மா எனக்குத் தெரியாமல் யாருக்கோ போன் செய்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் ஸ்கூட்டர் வந்து நின்றது. அடுத்த தெருவில், கீழ்த்தளம், இரண்டு அறை, நல்ல தண்ணீர், நியாயமான வாடகை.

அவர் தொழிலே வாடகை வீடுதானாம்.