புது எண்ணெய்



1936ஆம் ஆண்டு பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லை நிறுவினார். இன்றும் நூற்பாலைகள் இவ்வட்டாரத்தின் ஜீவனம். கிருஷ்ணன்கோவிலைச் சுற்றியுள்ள வீடுகளிலும் ஷிப்டுக்குச் செல்வோர் உண்டு. ஆலையில் அறுந்த நூலின் இரு முனைகளை முடிச்சின்றி இணைப்பது அழுத்தப்பட்ட காற்று. அக்காற்றைத் தருவது கம்ப்ரசர்.

திருகு வகைக் கம்ப்ரசரில் எண்ணெய் மூன்று வேலைகளைச் செய்கிறது: உராய்வைத் தணிக்கிறது, சுழலும் திருகுகளின் இடைவெளியை அடைக்கிறது, வெப்பத்தைச் சுமந்து செல்கிறது. வெப்பத்தில் உழைத்து உழைத்து அதுவே தடித்துக் கறுத்துப்போகிறது. காற்றின் ஈரமும் அதில் கலக்கிறது. அளவு குறையும்போது மேலே சிறிது ஊற்றினால் கண்ணாடியில் மட்டம் சரியாகத் தெரியும். உள்ளே கிடக்கும் கசடோ அப்படியே இருக்கும்.

நம்மில் பலருடைய ஆவிக்குரிய வாழ்க்கையும் இப்படியே மேலே ஊற்றி நடத்தப்படுகிறது. ஞாயிறுதோறும் ஒரு செய்தி, ஒரு பாடல். மட்டம் சரியாகத் தோன்றுகிறது. சொத்துப் பிரிவினையில் அண்ணனோடு நின்றுபோன பேச்சு மட்டும் அடியில் கிடக்கிறது.

எண்ணெயை முழுவதும் வடிக்க இயந்திரத்தை நிறுத்த வேண்டும். மின்னிணைப்பைத் துண்டித்து, அழுத்தம் முற்றிலும் இறங்கியபின்னரே வடிகுழாயைத் திறக்க வேண்டும். ஆண்டவரும் காணிக்கையைப் பலிபீடத்தண்டையிலேயே விட்டுவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னார் (மத்தேயு 5:23, 24). ஆராதனையையே நிறுத்தச் சொல்லும் அளவுக்கு அது அவசரமான காரியம்.

எண்ணெய் முற்றிலும் ஆறுமுன், வெதுவெதுப்பாக இருக்கையிலேயே வடிப்பது வழக்கம். அப்போதுதான் கசடும் சேர்ந்து இறங்கும். கோபத்தோடு சூரியன் அஸ்தமிக்க விடலாகாது என்னும் போதனையின் ஞானம் இங்கே விளங்குகிறது (எபேசியர் 4:26). ஆறவிட்ட கோபம் உறைந்துபோகிறது.

வடித்த எண்ணெயை மண்ணில் கொட்டலாகாது. 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி, அங்கீகாரம் பெற்றவர்களிடமே அதை ஒப்படைக்க வேண்டும். நாமோ நம் கசப்பை அண்டைவீட்டாரின் செவிகளில் கொட்டிவிடுகிறோம். அதை ஏற்றுச் சுத்திகரிக்க வல்லவர் ஒருவரே. அவருடைய சிலுவையண்டைக்கு அதைக் கொண்டுசெல்வோம்.

நாம் போய் நின்றாலும் மறுபக்கத்துக் கதவு திறவாமற்போகலாம். நம்மால் கூடியதையே பவுல் நம்மிடம் கேட்கிறார் (ரோமர் 12:18). நம் பாத்திரம் வெறுமையானால் போதும். புது எண்ணெயால் அபிஷேகம் பெற்றதாகச் சங்கீதக்காரன் சாட்சி கூறுகிறான் (சங்கீதம் 92:10). அந்த எண்ணெயை ஊற்றுகிறவர் தேவன்.

இவ்வாரம் ஒரு நாள், ஷிப்டு முடிந்த பின்னர், அந்த ஒரு வீட்டுக்குப் போவோமாக.

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்களுக்குள் உறைந்து கிடக்கும் பழையதை வடித்தருளும். அறுந்த உறவுகளை உமது ஆவியினால் இணைத்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.