கக்கேதியில் திராட்சை பறித்த கதை

சின்ன வயசுல எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல 'ஒயின்ஷாப்'னு போர்டு போட்ட கடை ஒண்ணு இருந்துச்சு. உள்ள ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும் :-) ராத்திரி எட்டு மணியானா அம்மா என்னைத்தான் அனுப்புவாங்க. வாசல்ல அப்பா செருப்பு கிடக்கான்னு பார்த்துட்டு வரணும். 1998-ல அந்தக் குடியே அவரைக் கொண்டு போயிடுச்சு. நான் இதுவரைக்கும் ஒரு சொட்டு தொட்டதில்லை.

அப்படிப்பட்ட ஆள் திராட்சை அறுவடைக்குப் போனேன்னா சிரிப்பீங்க. கூட வேலை பார்த்த ஜார்ஜியா நண்பன் 2023 செப்டம்பர் கடைசியில கூப்பிட்டான். அங்க அறுவடைக்கு 'ர்த்வேலி'ன்னு பேரு, கிட்டத்தட்ட நம்ம பொங்கல் மாதிரி. ஊரு, கக்கேதி மாகாணத்துல தெலாவி பக்கம் ஒரு கிராமம். அலசானி ஆத்துப் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சை, வடக்கே சுவர் மாதிரி காக்கசஸ் மலை.

காலையில கையில கத்தியும் வாளியும் குடுத்துட்டாங்க. 'சபெராவி'ன்னு கருப்புத் திராட்சை. தோல் மட்டுமில்லை, உள்ள சதையும் சிவப்பு. பத்து நிமிஷத்துல கை நாவப்பழம் தின்ன நாக்கு மாதிரி ஆயிடுச்சு. குளவி வேற. மதியத்துக்குள்ள இடுப்பு விட்டுப் போச்சு. நண்பனோட பாட்டி என்னைத் தாண்டிப் போயி அடுத்த வரிசையை முடிச்சிட்டாங்க. (மானம் போச்சு.)

ஆனா நான் அசந்து நின்னது அவங்க 'மரானி'யில, அதாவது ஒயின் வைக்கிற அறையில. தரையில வட்ட வட்டமா ஓட்டை. எட்டிப் பார்த்தா, கழுத்து வரைக்கும் மண்ணுல புதைச்ச பெரிய மண் தாழி! 'க்வெவ்ரி'ங்கிறாங்க. திராட்சையை மரத் தொட்டியில போட்டுக் காலால மிதிச்சு, சாறு, தோல், கொட்டை, காம்பு எல்லாத்தையும் இதுக்குள்ள விடுறாங்க. நொதிக்கிறப்போ தோல் மேல மிதந்து வரும், தினம் பல தடவை கம்பால அமுக்கி விடணும். அடங்கினதும் மூடி, களிமண் பூசிட்டா வசந்த காலத்துலதான் திறப்பாங்க. இந்த முறையை யுனெஸ்கோ 2013-ல பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்திருக்கு. அந்த நாட்டுல தோண்டியெடுத்த பானை ஓடுகள்ல சுமார் 8000 வருஷம் முந்தின ஒயின் தடயம் இருக்குன்னு 2017-ல ஆராய்ச்சியாளர்கள் சொன்னாங்க. எனக்கென்னவோ ஆதிச்சநல்லூர்தான் ஞாபகம் வந்துச்சு. நாம தாழியில செத்தவங்களை வச்சோம், இவங்க ஒயினை வச்சிருக்காங்க.

ராத்திரி விருந்து. திராட்சைக் கொடிக் குச்சியை எரிச்சு அந்தத் தணல்ல கறி சுட்டாங்க. நண்பனோட அப்பாதான் 'தமாதா', பந்திக்கு நாட்டாமை மாதிரி. அவர் ஒவ்வொண்ணுக்கா பேசிட்டுத்தான் எல்லாரும் குடிக்கணும். நான் அன்னைக்குப் பிழிஞ்ச சாறை வச்சு ஒப்பேத்திட்டு இருந்தேன். நாலாவதா என்னவோ, செத்துப் போனவங்களுக்குன்னு எழுந்தார். என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். "உங்க அப்பா இருக்காரான்னு கேக்கறார்"ன்னான் நண்பன்.

இல்லைன்னேன். எப்படிப் போனார்னு கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லலை.

நண்பன் மொழிபெயர்த்து முடிச்சதும் பந்தியே அமைதியாயிடுச்சு. பெரியவர் என்னைக் குடிக்கச் சொல்லலை. ஒரு ரொட்டித் துண்டை என் முன்னால வச்சு, தன்னோட கிளாஸை என் கையில குடுத்து, ரொட்டி மேல ரெண்டு சொட்டு விடச் சொல்லி சைகை காட்டினார். இறந்தவங்க பங்காம். கை நடுங்குச்சு. அவருக்குப் போய் நானா ஊத்துறதுன்னு ஒரு நிமிஷம் வீம்பு. அப்புறம் விட்டேன். ரொட்டி கருஞ்சிவப்பா உறிஞ்சிக்கிச்சு.

மறுநாள் அம்மாவுக்குப் போன் பண்ணி இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன்.

"நல்லதுதானேடா ஊத்துன?"ன்னாங்க.

"நல்லதுதாம்மா. அவங்க வீட்ல செஞ்சது."