உலை ஆறிய பின்னர்

சென்ற ஆண்டு, ஜெர்மனியில் வாழும் என் மகளைக் காணச் சென்றிருந்தபோது, மருமகன் என்னை டூயிஸ்பர்க் நகரத்துப் பூங்கா ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். மலர்ப் பாத்திகளை எதிர்பார்த்துச் சென்ற நான் திகைத்து நின்றேன். எதிரே துருவேறிய ஊதுலைகளும் நெடிய புகைபோக்கிகளுமே தெரிந்தன.

1901-இல் நிறுவப்பெற்ற மைடரிக் இரும்பாலை அது. 1985-இல் அதன் உலைகள் அவிந்தன. இடித்துத் தரைமட்டமாக்குவதற்கு ஊர்மக்கள் பலர் உடன்படவில்லை. பீட்டர் லாட்ஸ் என்னும் நிலவடிவமைப்புக் கலைஞர், ஆலையை நிற்கவிட்டே அதனைச் சுற்றிப் பூங்கா சமைத்தார். 1994-இல் திறக்கப்பெற்ற அதன் பரப்பு ஏறத்தாழ 180 ஹெக்டேர். கனிமம் குவித்த அறைகள் சிலவற்றில் இன்று தோட்டங்கள் தழைக்கின்றன. வேறு சிலவற்றின் சுவர்களில் இளைஞர்கள் பாறையேறப் பழகுகின்றனர். எரிவாயு தேக்கிய பெருங்கலத்தில் நீர் நிரப்பி முக்குளிக்கின்றனர்.

ஐந்தாம் ஊதுலையின் கீழ்ப்படியில் ஒரு முதியவர் பேரனுடன் அமர்ந்திருந்தார். ஸலாம் உரைத்தேன், முகம் மலர்ந்து பதிலுரைத்தார். துருக்கியர். 1961-இல் மேற்கு ஜெர்மனி துருக்கியுடன் செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தத்தின் வழியே வந்த பல்லாயிரவருள் ஒருவர். "இங்கேதான் இரும்பை உருக்கி ஓடவிட்டோம். இவனுக்குக் காட்ட அழைத்து வந்தேன்" என்று அவர் கூறியதை மருமகன் மொழிபெயர்த்தார். பேரன், பாட்டனாரின் தழும்பேறிய கையைப் பற்றியபடி உலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு மர்ஹூம் அத்தாவின் நினைவு வந்தது. திண்டுக்கல்லில் தோல் ஷாப்பு ஒன்றில் முப்பது ஆண்டுகள் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி உழைத்தவர்கள். பள்ளி வாயிலுக்கு அவர்கள் வந்தால், அந்த வாடைக்கு நாணி நான் மறைந்து நின்றதுண்டு. ஒருநாள் அதனை உணர்ந்துகொண்டார்கள். கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அதன்பின் பள்ளிப் பக்கம் வரவுமில்லை. அந்த ஷாப்பு இருந்த இடத்தில் இன்று ஒரு கல்லும் மிஞ்சவில்லை. பேரப்பிள்ளைகளுக்குக் கைகாட்ட என்னிடம் ஒரு சுவரும் இல்லை. சொல்லவோ, எனக்கு நா எழுந்ததில்லை.

மூச்சிரைக்கப் படியேறி, எழுபது மீட்டர் உயரத்து மேடையில் நின்றபோது, "மாப்பிள்ளை, என் அத்தா என்ன வேலை பார்த்தார்கள் தெரியுமா?" என்று தொடங்கினேன்.

அன்றிரவு மகளிடமும் சொன்னேன். நெடுநேரம் மௌனமாயிருந்தவள், "ஏன் அத்தா, இவ்வளவு காலம் சொல்லவில்லை?" என்று கேட்டாள்.

அவளுக்கு அன்று கூற இயலாத விடையைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.