நிழலுக்கும் நிறம் உண்டு

பண்டம் தின்பதற்கு, படம் பார்ப்பதற்கு. இரண்டையும் ஏன் கலக்க வேண்டும் என்று மன்றத்து நண்பர்கள் கேட்கக்கூடும். கலந்து காட்டியவர் ஒருவர் உண்டு. வெய்ன் தீபோ என்ற அந்த அமெரிக்க ஓவியர் 1920இல் பிறந்து 2021இல் மறைந்தார். இளமையில் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்தவர். பின்னர் கலிபோர்னியாவில் பல்கலைக்கழக ஆசிரியராக விளங்கினார்.

1963இல் அவர் தீட்டிய 'கேக்குகள்' என்ற ஓவியம் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஆறடி அகலம், ஐந்தடி உயரம். அதில் இருப்பவை 13 கேக்குகள், அவ்வளவே! விருந்தும் இல்லை, விருந்தினரும் இல்லை. பெரும்பாலானவை உருளை வடிவங்கள். கேக்கின் மேல் பாலேடு பூசுவதுபோல் வண்ணத்தைத் தடிப்பாகப் பூசியிருக்கிறார். நிழல்களோ கறுப்பல்ல, நீலம்!

இது வெறும் கற்பனையன்று. வெயில் மறைந்த இடத்திலும் வானத்தின் ஒளி விழுகிறது; அவ்வொளி நீலமாதலால் நிழலும் நீலம் சாய்கிறது. இயற்பியல் மாணவனாகிய நான் இதைப் பாடத்தில் படித்திருந்தேன். ஆனால் அந்த ஓவியத்தின் படியைப் பார்த்த பிறகே என் சன்னலோரத்து நிழலைக் கவனித்தேன்.

அன்று முதல் ஞாயிறுதோறும் ஒரு ஜிலேபி வாங்கி, வெள்ளைத்தாள்மேல் வைத்து நீர்வண்ணத்தில் வரைகிறேன். பாகின் பளபளப்பில் தில்லி வானம் ஒரு வெண்புள்ளியாகத் தெரியும். அறை நண்பருக்கு ஓவியத்தைவிட ஜிலேபியின்மீதுதான் பற்று அதிகம். ஆதலால் விரைந்து வரையவும் கற்றுக்கொண்டேன்.

தேர்வு நெருங்கியதால் சென்ற தீபாவளிக்கு ஊர் செல்ல இயலவில்லை. தீபோ தம் பண்டங்களைப் பெரும்பாலும் நினைவிலிருந்தே வரைந்தவர். நானும் அவ்வாறே அதிரசத்தை வரைய உட்கார்ந்தேன். சுவை உடனே நினைவுக்கு வந்தது, நிறம் வரவில்லை. தொலைபேசியில் அம்மாவைக் கேட்டேன்.

"எந்த வெல்லத்திலே செஞ்சதுடா? வெல்லம் கறுத்திருந்தா அதிரசமும் கறுக்கும். ஓரம் முதல்லே சிவக்கும், நடுவிலே கொஞ்சம் வெளுப்பா நிற்கும்" என்றாள். பிறகு சற்று நிறுத்தி, "எண்ணெய் பிழிய ரெண்டு கரண்டிக்கு நடுவே வெச்சு அழுத்துவேனே, அந்தத் தடத்தைப் போட்டியா?" என்றாள்.

ஓவியக்கூடம் எதையும் என் அம்மா கண்டதில்லை. அவள் சொன்ன தடத்தை நீலம் கலந்த பழுப்பில் மெல்ல இட்டேன். அதன் பிறகுதான் அது எங்கள் வீட்டு அதிரசமாயிற்று.